வாசகர் கேள்வி - பதில்: வால்வு வெளிச்சத்தில் ஒரு ஹெட்போன்

சென்ற மாதம் கோவை அவிநாசி சாலையில் ஓர் ஓட்டலின் இரண்டாம் மாடியில் நடந்த ஒலிக்கருவிக் காட்சிக்குப் போய்வந்தவர்களே இம்முறை அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, ஹெட்போனையும் வால்வு (பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரையும் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: காட்சியில் ஒரு மேசையில் சென்ஹைசர் எச்.டி 600 ஹெட்போனை ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரில் மாட்டிக் கேட்டேன். குரல் அத்தனை இனிமை. அதே ஆம்ப்ளிஃபையரில், அதைவிட விலை கூடிய ஹைஃபைமேன் எச்.இ-6 ஹெட்போனை மாட்டியபோது உயிரே இல்லை. வால்யூமை முழுவதும் திருப்பியும் தவில் தொய்ந்துபோய்க் கேட்டது. விலை கூடிய பொருள் மட்டமா, என் காது மட்டமா?
- ஒரு வாசகர், சிங்காநல்லூர்

பதில்: இரண்டும் இல்லை, ஜோடிப் பொருத்தம்தான் சரியில்லை. சிங்காநல்லூர்க்காரருக்குப் பம்ப்செட்டை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். 600 அடி போர்வெல்லுக்கு வாங்கிய மோட்டார் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும், ஆனால் அளவு குறைவாகத்தான் கொட்டும். கிணற்று மேட்டில் வைக்கும் மோனோபிளாக் அள்ளிக் கொட்டும், ஆனால் உயரம் ஏறாது. ஒன்றின் வேலைக்கு இன்னொன்றை மாட்டிவிட்டு மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹெட்போனில் வோல்ட்டேஜ் என்பது அந்த உயரம், கரண்ட் என்பது கொட்டும் அளவு.

இனிக் கணக்குக்கு வருவோம். எச்.டி 600 ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் மறிப்பு, 300 ஓம். 1 மில்லிவாட் கொடுத்தால் சுமார் 97 டெசிபல் ஒலிக்கும். இசையின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 20 மில்லிவாட் போதும்; அதாவது ஏறத்தாழ 2.5 வோல்ட், 8 மில்லிஆம்பியர். எச்.இ-6 வேறு சாதி. தட்டையான மெல்லிய படலத்தின் மேல் கம்பித் தடம் ஓட, காந்தங்களுக்கு நடுவில் அந்தப் படலம் முழுவதும் அதிரும் பிளேனார் வகை அது. 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும். அதே 110 டெசிபலுக்கு அது சுமார் 450 மில்லிவாட் கேட்கிறது, 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். முதல் ஹெட்போனைப்போலப் பன்னிரண்டு பங்கு கரண்ட்!

நீங்கள் கேட்ட ஆம்ப்ளிஃபையரில் உயரமான புட்டிபோன்ற ஒரு பெரிய வால்வும் அதன் அருகில் ஒரு சிறிய வால்வும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஓ.டி.எல் வகையாக இருக்க வேண்டும். அதாவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாமல், வால்விலிருந்து ஒரு கெபாசிட்டர் வழியாக நேரே ஹெட்போனுக்கு வரும் அமைப்பு. 6080 அல்லது 6AS7G என்ற வால்வை இதற்கு அதிகம் பயன்படுத்துகிறார்கள். இவ்வகை எளிய கருவிகளின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓமை ஒட்டியே இருக்கும். 120 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் ஹெட்போனை மாட்டினால் வோல்ட்டேஜில் பெரும்பங்கு ஹெட்போனுக்குப் போய்ச் சேர்கிறது. 50 ஓம் ஹெட்போனை மாட்டினாலோ பத்தில் மூன்று பங்குகூட முழுதாகச் சேர்வதில்லை. மீதியை ஆம்ப்ளிஃபையரின் உள்மறிப்பே விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெளியீட்டு வால்வு ஓய்வில் எவ்வளவு கரண்ட் ஓட்டுகிறதோ அதைத் தாண்டிக் கொடுக்க முடியாமல் உச்சங்களை மழுக்கிவிடும். தவில் தொய்ந்தது அதனால்தான்.

எச்.டி 600 இனிமையாகக் கேட்டதற்கும் இதே 120 ஓம் ஒரு காரணம். அந்த ஹெட்போன் எல்லா அலைவெண்ணிலும் 300 ஓமாக இருப்பதில்லை. அடித்தொனியில், சுமார் 100 ஹெர்ட்ஸை ஒட்டி, அதன் இம்பீடன்ஸ் 500 ஓம் வரை ஏறுகிறது. ஏறும் இடத்தில் வோல்ட்டேஜின் பெரிய பங்கு ஹெட்போனுக்குக் கிடைப்பதால், அந்த இடம் மட்டும் ஏறத்தாழ 1 டெசிபல் தூக்கிக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பியில் கொஞ்சம் கனம், ஆண்குரலின் அடியில் கொஞ்சம் சதை. அதைத்தான் இனிமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தவறும் இல்லை. ஆனால் 32 ஓமில் தொடங்கி அடித்தொனியில் 70 ஓமுக்கு ஏறும் ஒரு ஹெட்போனை அதே ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் அந்த 1 டெசிபல் 5 டெசிபலாகிவிடும். அப்போது கனம் போய்க் கொழகொழப்பு வந்துவிடும். பிளேனார் வகைக்கு இந்த ஏற்ற இறக்கம் அநேகமாக இல்லை. அது ஒரே சீராக 50 ஓமாகவே நிற்பதால், ஆம்ப்ளிஃபையர் அதன் தொனியை மாற்றுவதில்லை, பசியைத்தான் ஆற்றுவதில்லை.

எச்.இ-6 கேட்க ஆசை இருந்தால், ஓர் ஆம்பியர் அளவில் கரண்ட் கொடுக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரிலோ, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ள நல்ல வால்வு ஆம்ப்ளிஃபையரிலோ மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஹெட்போனின் இம்பீடன்ஸ், ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸைப்போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழகியவர்கள் கையாளும் கணக்கு. 300 ஓமுக்கு 120 ஓம் அந்தக் கணக்கில் தேறாது. தேறாவிட்டாலும் பிடித்திருக்கிறது என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு மேசையிலும் வரிசை நிற்கிறது, பத்து நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. அதற்குள் ஒன்றோடொன்றை எப்படி ஒப்பிடுவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் காட்சி ஒன்றில், ஒரு கடைக்காரர் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை அடுத்தடுத்து வைத்து, ஹெட்போன் பிளக்கை மாற்றி மாற்றிக் குத்திக் காட்டினார். இரண்டாவது, அதாவது விலை கூடியது, அத்தனை தெளிவாக இருந்தது. தம்புராவின் ஜீவாவைக் கையால் தொடலாம்போல இருந்தது. முன்பணம் கொடுத்துவிட்டேன். கருவி வீட்டுக்கு வந்தபின் மீட்டரை வைத்து அதையும் என் பழைய கருவியையும் ஒரே வோல்ட்டேஜுக்குக் கொண்டுவந்து கேட்டால், இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல எனக்கே தடுமாற்றமாக இருந்தது. காட்சியில் அவர் இரண்டாவதன் வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லமாட்டேன். குமிழின் அதே கோடு இரண்டு கருவிகளில் இரண்டு அளவைத் தருவது இயல்பே.

1 டெசிபல் கூடினால் நமக்குச் சத்தம் கூடியதாகத் தோன்றுவதில்லை, தரம் கூடியதாகத் தோன்றுகிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியைக் குறைத்தே கேட்கிறது என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்; ஆகவே சத்தம் ஏறும்போது அடித்தொனியும் சேர்ந்து நிறைகிறது. வீட்டில் என்றால், 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும் இரண்டு சதவீத வேறுபாட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். காட்சியில் அதற்கு வழியில்லை. பாட்டு முழுவதையும் விட்டுவிட்டு, ஒரே குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தை எடுத்து, அந்தக் குரல் முன்பு கேட்ட அதே தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்து வால்யூமை நீங்களே வையுங்கள். கடைக்காரர் கையில் குமிழைக் கொடுக்காதீர்கள்.

பாட்டையும் நீங்களே கொண்டுபோங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் பாட்டு அவர் கருவிக்கென்று பொறுக்கியெடுத்தது. நம் ஊர் நாயனமும் தவிலும் அதில் இருக்காது. நான் எடுத்துப்போவது நான்கே துண்டுகள். தம்புரா மட்டும் ஒரு நிமிடம். சுருதி ஒரே சீராக நிற்கிறதா, மேலே ஒரு பளபளப்பு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க. கஞ்சிராத் தனி; விரலை அழுத்தித் தொனியை வளைக்கும் இடத்தில் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாக விழ வேண்டும், விழாமல் ஒன்றோடொன்று வழிந்தால் அந்த ஜோடி எனக்கு வேண்டாம். மேல் ஸ்தாயியில் நாயனம். காதைக் குத்துகிறதா என்பதற்கு அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. கடைசியாக, எங்கள் ஊர் வள்ளிகும்மிக் குழு கோயில் வாசலில் ஆடியபோது நானே பதிவு செய்தது. அறுபது எழுபது பேர் கைதட்டும் ஓசை ஒரே தகரச் சத்தமாகக் கேட்கிறதா, தனித்தனிக் கைகளாகக் கேட்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விலையேறிய ஹெட்போன்கள் பெரும்பாலும் பின்பக்கம் திறந்தவை. வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும். நாற்பது பேர் பேசும் அறையில், மேலே ஏ.சி. இரைந்துகொண்டிருக்க, தாழ்ந்த ஒலிகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். இரண்டாவதைக் கேட்டபின் மறுபடியும் முதலாவதுக்கு வந்து ஒரு நிமிடம் கேளுங்கள். காது ஒரு தொனிக்குப் பழகிவிட்டால் அடுத்தது எதுவானாலும் முதலில் கோணலாகத்தான் தோன்றும். பத்து நிமிடத்தில் இரண்டு ஹெட்போன், மூன்றாவது வேண்டாம்.

கேள்வி: வால்வின் இனிமை உண்மையா, கண்ணுக்குத் தெரியும் அந்தச் செந்நிற ஒளி செய்யும் மயக்கமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டும் உண்டு. பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழையைக் குறைக்கும் ஃபீட்பேக்) குறைவாக உள்ள டிரையோட் என்ற மூன்று மின்முனை வால்வு, ஒரு சுரத்தை வாசித்தால் அதற்கு மேல் ஸ்தாயிச் சுரத்தையும் மிகச் சிறிதளவு சேர்த்தே தருகிறது. இரண்டாம் ஹார்மோனிக் என்பது அதுதான். ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்வதால் அது அபசுரமாகக் கேட்பதில்லை, செழிப்பாகக் கேட்கிறது. பொறியியல் கணக்கில் அது பிழைதான். மேலே சொன்ன வெளியீட்டு இம்பீடன்ஸ் செய்யும் அடித்தொனி மாற்றம் இன்னொரு பங்கு. என் கணிப்பில் ஹெட்போன் வால்வுக் கருவிகளில் காது முதலில் பிடிப்பது இந்த இரண்டாவதையே. பலரும் முழுப் புகழையும் முதலாவதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு மயக்கம் என்று அறிய, ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டு (சூடான வால்வின் மேல் படாமல்) வேறொருவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சோமனூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். தறி நிறுத்திவிட்டு மாலையில் நேரே காட்சிக்கு வந்தேன். எல்லா ஹெட்போனும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் கேட்டனங்க. நண்பர் மட்டும் வேறுபாடு சொல்கிறார். என் காதுக்கு வயதாகிவிட்டதா?
- ஒரு வாசகர், சோமனூர்

பதில்: வயதை விடுங்கள், அன்றைய பகலைப் பாருங்கள். விசைத்தறிக் கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். பகல் முழுவதும் அதில் நின்றுவிட்டு வந்தவரின் காது மாலையில் தற்காலிகமாக மந்தமாகிவிடும். அந்த மந்தம் முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தையே பிடிக்கும்; ஜால்ராவின் ஒலியும் வல்லின எழுத்துகளின் வெட்டும் தெளிவாகக் கேட்பதற்கு அந்த இடம்தான் வேண்டும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் மறுநாளுக்குள் திரும்பிவிடும். நாள்தோறும் நடந்தால் ஒருநாள் திரும்பாமலே போய்விடும்.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 94-க்கு 1 மணி, 100-க்குக் கால் மணி. இந்தக் கணக்கு தறிக்கும் ஹெட்போனுக்கும் ஒன்றே. தறியில் உங்கள் பங்கு பகலிலேயே தீர்ந்துவிட்டால், மாலையில் ஹெட்போனுக்கு மிச்சம் எதுவும் இல்லை. கூடத்தில் காதடைப்பான் போடுங்கள், வேலைக்கு வருபவர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். விடுமுறை நாளின் காலையில் போய் மறுபடியும் கேளுங்கள். அப்போதும் மங்கலாகவே இருந்தால் காது மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுத்துப் பார்ப்பது ஹெட்போன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோப்புக்குள் வீடு. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 195 வோல்ட்; இரவில் 250. வால்வு ஆம்ப்ளிஃபையர் தாங்குமா?
- ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: ஸ்டெபிலைசர் இல்லாமல் தாங்காது. வால்வின் உள்ளே இருக்கும் ஹீட்டர் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம், அதற்கு மேல் ஆகாது. 230-க்குக் கட்டிய டிரான்ஸ்பார்மரில் 195 வோல்ட் வந்தால் ஹீட்டருக்கு 5.3 வோல்ட்தான் கிடைக்கும். அது வரம்புக்குக் கீழே. எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு போதிய சூடில்லாமல் வேலை செய்தால் வால்வின் ஆயுள் குறையும். 250 வந்தால் 6.85, வரம்பின் விளிம்பு. கோவையிலேயே நல்ல சர்வோ ஸ்டெபிலைசர்கள் கிடைக்கின்றன; அவற்றில் ஒன்றை வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ரிலே வகை வேண்டாம், ஒவ்வொரு முறை மாறும்போதும் ஹெட்போனில் 'டப்' என்று அடிக்கும். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரிலும் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்பார்மர் உறுமும்.

கேள்வி: கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆகும் செலவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாங்களே சுற்ற முடியாதா?
- ஒரு வாசகர், கணபதி

பதில்: முடியும். இத்தனை கேள்விகளில் என்னை மகிழ்வித்தது இதுதான். கம்பி, பாபின், சி.ஆர்.ஜி.ஓ ஸ்டாம்பிங் (டிரான்ஸ்பார்மருக்கான எஃகுத் தகடுகள்), வார்னிஷ், பழகிய கை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் மின்சார டிரான்ஸ்பார்மரைப்போல இதைக் கட்டினால் கேட்காது. அது 50 ஹெர்ட்ஸ் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். இது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சொல்ல வேண்டும்.

கீழ் எல்லைக்கு இண்டக்டன்ஸ் வேண்டும்; மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் குணம் அது, ஹென்றி என்ற அலகில் அளப்பது. பிரைமரி (வால்வுப் பக்கச் சுருள்; ஹெட்போன் பக்கச் சுருள் செகண்டரி) 5,000 ஓம் சுமைக்கு என்றால், 20 ஹெர்ட்ஸிலும் அந்த அளவு மறிப்பு நிற்கச் சுமார் 40 ஹென்றி தேவை. அதாவது மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. சுற்று கூடக் கூட மேல் எல்லை விழுந்துவிடும் என்பதுதான் இடைஞ்சல். அதைச் சரிக்கட்ட, பிரைமரியை முழுவதும் சுற்றி அதன்மேல் செகண்டரியைச் சுற்றாமல், இரண்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதி பிரைமரி, அதன்மேல் ஒரு பகுதி செகண்டரி என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் காகிதம் ஒரே இழுப்பில், சுருக்கமில்லாமல் விழ வேண்டும்.

ஸ்டாம்பிங் போடும் முறையும் மாறும். வழக்கமாக நீங்கள் 'ஈ'யையும் 'ஐ'யையும் (ஆங்கில E, I வடிவத் தகடுகள்) ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றிச் செருகுவீர்கள். ஒற்றை வால்வு வெளியீட்டில் நேர் மின்னோட்டம் எப்போதும் பிரைமரி வழியாக ஓடிக்கொண்டிருப்பதால், அப்படிச் செருகினால் இரும்பு நிறைந்துபோய் அடித்தொனி செத்துவிடும். 'ஈ' எல்லாம் ஒரு பக்கமாகவும் 'ஐ' எல்லாம் எதிர்ப்பக்கமாகவும் வைத்து, நடுவில் மெல்லிய காகிதம் கொடுத்து இடைவெளி விட்டு இறுக்க வேண்டும். காகிதத்தின் கனத்தை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். செகண்டரிக்கு 300 ஓம் ஹெட்போன் என்றால் சுற்று விகிதம் சுமார் 4-க்கு 1. 32 ஓம் என்றால் 12.5-க்கு 1. இரண்டுக்கும் சுருளிலிருந்து தனித்தனி டேப் (இடைமுனை) எடுத்துவிட்டால் சிங்காநல்லூர் வாசகரைப்போன்றவர்களின் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று தோற்கும். அவற்றைப் பிரித்துக் கம்பியை மீட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாரு வைத்திருந்த மரப்பெட்டி ரேடியோ பரணில் இருக்கிறது. அதிலுள்ள வால்வுகளைக் கழற்றி ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் செய்யலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வால்வின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள் அக்காலத்து ரேடியோக்களில் நிறைய இருக்கும். EL84 என்றிருந்தால் அது இன்றும் பயன்படும் நல்ல வெளியீட்டு வால்வு. ஆனால் U என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்கள் இருந்தால் அந்தப் பெட்டியில் நீங்கள் மேற்கொண்டு கைவைக்கவே வேண்டாம். அவை ஏசி, டிசி இரண்டிலும் ஓடவென்று மின்சார டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செய்யப்பட்டவை. பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் தகரத் தட்டில் 230 வோல்ட்டும் நேரே வந்து நிற்கும். அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து ஹெட்போனுக்குக் கம்பி இழுத்துத் தலையில் மாட்டுவது உயிரோடு விளையாட்டு. எந்த வகையானாலும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் இருநூறு முன்னூறு வோல்ட் தங்கியிருக்கும்; வால்வு ரேடியோ பழகிய மெக்கானிக் யாராவது கோபியிலோ ஈரோட்டிலோ இருந்தால், அவரை அழைத்து முதலில் அதை இறக்கச் சொல்லுங்கள். பெட்டி முழுதாக, கண்ணாடி டயல் உடையாமல் இருக்கிறது என்றால், வால்வுகளைப் பிடுங்காமல் ரேடியோவாகவே ஓடவிடப் பார்க்கச் சொல்லுங்கள்.